காவடியும் டோலியும்: பழனிமலைத் திருவிழாக்கள் குறித்துச் சில யோசனைகள்

திருவிழாக்களைப் பற்றி நம் வட்டாரத்தில் பேச்சு வந்தால் இரண்டு குரல்கள்தான் அதிகம் கேட்கின்றன. ஒன்று பகுத்தறிவுக் குரல். இதெல்லாம் மூடத்தனம், மக்களின் காசையும் உழைப்பையும் கரைக்கிற ஏற்பாடு, இதில் யோசிக்க என்ன இருக்கு என்பது அதன் வாதம். மற்றது தொண்ணூறுகளில் வலுத்த குரல். பக்தினைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, திருவிழா ஒரு களியாட்டம், அங்கே மேல் கீழாகிறது, அதிகாரம் கேலிக்குள்ளாகிறது என்று அது கொண்டாடும். முதல் குரல் மக்களை ஏமாளிகளாக்குகிறது. இரண்டாவது குரல் அவர்களைத் தாங்களே அறியாத கலகக்காரர்களாக்குகிறது. மக்கள் எதை நம்புகிறார்கள், எதை உணர்கிறார்கள் என்பதோடு இரண்டு குரல்களும் நின்றுவிடுகின்றன. திருவிழா அன்றைக்கு அவர்கள் தோளாலும் காலாலும் என்ன செய்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை.

நான் பழனி வட்டாரத்தில் வளர்ந்தவன். தை பிறந்தால் சாலையோரம் நடந்துபோகிற கூட்டத்தை வைத்தே பூசத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று கணக்குச் சொல்வது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் கைவந்த வித்தை. அந்தப் பழக்கத்திலிருந்து எழுந்த ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். ஒரு திருவிழாவில் யார் எதைச் சுமக்கிறார்கள்? எங்கிருந்து எங்கே? எங்கே இறக்கி வைக்கிறார்கள்? யாருடைய சுமை கணக்கில் ஏறுகிறது, யாருடையது ஏறுவதில்லை? இப்படிக் கேட்டுப் பார்த்தால் பழனியும் அதன் தலைக்கு மேலே நிற்கிற கொடைக்கானல் மலையும் வேறு மாதிரித் தெரியத் தொடங்குகின்றன.

1

முதலில் சொல். ‘கா’ என்பது தோளில் வைத்துச் சுமக்கிற கழி. ‘காவுதல்’ என்றால் சுமத்தல். சங்ககாலத்துப் பாணர்கள் தங்கள் இசைக்கருவிகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனது இந்தக் காவில்தான். இரண்டு முனையிலும் பாரம், நடுவில் ஒரு தோள். காவடி பூசைப் பொருளாவதற்கு முன் அது வேலைக்கருவி. தண்ணீர் சுமந்தவர், உப்பு சுமந்தவர், தானியம் சுமந்தவர் எல்லோரும் அறிந்த கருவி.

இனி கதை. அகத்தியர் சொற்படி சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு குன்றுகளைக் காவடியாகக் கட்டித் தெற்கே தூக்கி வருகிறான் இடும்பன். பழனியில் இறக்கி வைத்து இளைப்பாறுகிறான். மறுபடி தூக்கப் பார்த்தால் குன்று அசையவில்லை. மேலே நிற்கிற சிறுவன் மலை என்னுடையது என்கிறான். சண்டை நடக்கிறது, இடும்பன் சாகிறான், மனைவி இடும்பி அழுது மன்றாட உயிர் திரும்புகிறது. அதன் பிறகு அவன் வாசல்காவலன். மலையேறுகிறவர்கள் வழியில் அவனை வணங்கிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

இந்தக் கதையை ஆணவம் அழிந்த கதையாகப் பிரசங்கிகள் சொல்வார்கள். அதைச் சுமையின் பக்கத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். மலையைச் சுமந்து வந்தவன் ஒருவன். மலை சொந்தமானது இன்னொருவருக்கு. சுமந்தவனுக்குக் கிடைத்தது வாசல்காவல். ஆனால் கதை அவனை மறைக்கவும் இல்லை. இவனைத் தாண்டி எவரும் மேலே போக முடியாது என்று ஒரு நிபந்தனையும் வைக்கிறது. உழைத்தவனை அடக்கிவிட்டு அவனுக்கு ஒரு மரியாதையை நிரந்தரமாக எழுதிக் கொடுக்கிற ஒப்பந்தம் இது. பழனித் திருவிழாக்கள் அத்தனையும் இந்த ஒப்பந்தத்தின் மறுபதிப்புகள் என்று எனக்குப் படுகிறது.

‘பக்தியைக் கூலிவேலையாகக் குறுக்குகிறாயே’ என்று கேட்கலாம். பக்தர்கள் பேசுகிற மொழியையே கவனியுங்கள். காவடி ‘எடுக்கிறார்கள்’, காவடி ‘செலுத்துகிறார்கள்’, முடி ‘இறக்குகிறார்கள்’. வேண்டுதலுக்குப் பெயர் நேர்த்திக்‘கடன்’. தூக்குவது, கொண்டு சேர்ப்பது, இறக்குவது, கடன் தீர்ப்பது. நான் புதிதாக எதையும் ஏற்றவில்லை. அவர்கள் சொல்வதைத்தான் திருப்பிச் சொல்கிறேன்.

2

பழனித் திருவிழா என்று ஒருமையில் பேசுகிறோம். அப்படி ஒன்று கிடையாது. ஊருக்குள் இருக்கிற பெரியநாயகி அம்மன் கோயிலில் கொடியேறுவது தைப்பூசம். அடிவாரத்துத் திருஆவினன்குடியில் கொடியேறுவது பங்குனி உத்திரம். சித்திரைக் கடைசியிலும் வைகாசித் தொடக்கத்திலும் அக்கினி நட்சத்திர நாட்களில் கடம்பப் பூச்சூடி மலையைச் சுற்றுவது இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு பாரம்.

தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டு நகரத்தார் குன்றக்குடி வழியாக நடந்து வருகிறார்கள். அவர்கள் காவடியின் தொடக்கத்தை உப்பு வணிகத்தோடு இணைத்துச் சொல்கிற மரபு உண்டு. வியாபாரத்தில் முருகனுக்கு ஒரு பங்கு, அந்தப் பங்கைக் கொண்டு சேர்க்க ஒரு நடை. பங்குனி உத்திரத்துக்குக் கொங்கு நாட்டு விவசாயிகள் கொடுமுடியிலிருந்து காவிரித் தண்ணீரைத் தீர்த்தக் காவடியாகக் கொண்டு வருகிறார்கள். பூசம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு எடப்பாடியிலிருந்து பருவதராஜ குலத்தார் வருகிறார்கள். உள்நாட்டு மீன்பிடிப்பைத் தொழிலாகக் கொண்டிருந்த சமூகம் அது. மலை மேலேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் தயாரித்துக்கொள்வதும், இரவில் மலைமேல் தங்குவதும் அவர்களுக்கு மட்டுமே உள்ள உரிமை.

எண்பதுகளில் பழனி பற்றி எழுதிய மானிடவியலாளர் மானுவேல் மொரேனோ இதில் ஓர் ஒழுங்கைக் கண்டார். குளிர்ந்த தை மாதத்தில் வணிகர்கள் சர்க்கரை போன்ற சூடான பொருளைக் கொண்டு வருகிறார்கள். வெயில் ஏறுகிற பங்குனியில் உழவர்கள் குளிர்ந்த ஆற்றுநீரைக் கொண்டு வருகிறார்கள். சாமியின் உடம்புச் சூட்டைப் பருவத்துக்குத் தக்கபடி சமன்செய்கிற வேலை இது. இந்த விளக்கம் அழகாக இருக்கிறது, பெருமளவு பொருந்தவும் செய்கிறது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. சாமிக்கு ஒரே நேரத்தில் எல்லோரும் தேவைப்படுவதில்லை. ஒவ்வொரு சாதியும் ஒவ்வொரு பருவத்தில் தேவைப்படுகிறது. தன் பொருளோடு, தன் வழியில், தன் நாளில் வந்து, தன் உரிமையை ஒருமுறை நிலைநாட்டிவிட்டுப் போகிறது.

விக்டர் டர்னர் யாத்திரையில் சமூகப் படிநிலைகள் கரைந்து ஒரு சமத்துவக் கூட்டுணர்வு உண்டாகிறது என்றார். நம்மூரில் அது அப்படி நடப்பதில்லை. பண்டரிபுரத்துக்கு நடந்து போன ஐராவதி கார்வே, ஒரே பாட்டைப் பாடிக்கொண்டு நடந்தவர்கள் சாப்பாட்டு வேளையில் பிராமணர் தனி, மராத்தியர் தனி என்று பிரிந்ததை வருத்தத்தோடு எழுதினார். பழனிச் சாலையிலும் மடங்கள் சாதிக்கு ஒன்றாக நிற்கின்றன. ஆகவே இதைச் சமத்துவம் என்று கொண்டாட முடியாது. அதே நேரத்தில் இதை ஒற்றைத் திரள் என்றும் சொல்ல முடியாது. கடைசிப் பகுதியில் இந்த இரண்டாவது விஷயத்துக்குத் திரும்புவேன்.

பூசை உரிமையின் கதையும் இங்கே சேர வேண்டியது. போகர் சமாதி மலைமேல் இருக்கிறது. அவருடைய சீடர் புலிப்பாணியின் வழிவந்த பண்டாரங்களே முன்பு பூசை செய்துவந்தார்கள் என்றும், திருமலை நாயக்கரின் தளவாய் ராமப்பய்யன் காலத்தில், அதாவது 17ஆம் நூற்றாண்டில், அது பிராமணக் குருக்களிடம் மாற்றப்பட்டது என்றும் கோயில் மரபு சொல்கிறது. அபிஷேகத்துக்குத் திருமஞ்சனத் தண்ணீர் கொண்டுவரும் பணி பண்டாரங்களிடம் தொடர்ந்தது. சாமியைத் தொடுகிற கை மாறிவிட்டது. தண்ணீர் சுமக்கிற தோள் மாறவில்லை. மேல்நிலையாக்கம் என்று நாம் பேசுகிறோமே, அது பழனியில் நடந்த விதம் இதுதான்.

3

இதுவரை சொன்னது கீழிருந்து மலைக்குப் போகிற சுமை. பழனிக்குத் தெற்கே சுவர் மாதிரி எழும்பி நிற்கிற பெரிய மலையிலிருந்து கீழே இறங்குகிற சுமை ஒன்று இருக்கிறது. அதற்குக் கொடியேற்றம் கிடையாது.

சண்முகநதியில் குளித்துவிட்டுத்தான் பக்தர்கள் மலையேறுகிறார்கள். அந்த நதி கொடைக்கானல் மலைச்சரிவிலிருந்து இறங்குகிற ஆறுகளும் ஓடைகளும் சேர்ந்தது. பஞ்சாமிர்தத்துக்கு உயிர் கொடுப்பது விருப்பாச்சி மலைவாழை. ஈரம் குறைந்த சதை, தனி மணம், நாள்பட்டாலும் கெடாத தன்மை இதெல்லாம் மலையின் கொடை. பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பாச்சலூர் பக்கம் காப்பிச் செடிகளுக்கு நிழலாக நின்ற வாழை இது. முடிக்கொத்து நோய் பரவிய பிறகு பரப்பு பெருமளவு சுருங்கிப்போனது. தேன் என்றால் அதுவும் மலைதான். பாறை இடுக்கில் கொடி கட்டித் தொங்கித் தேன் எடுக்கிற திறமை இந்த மலைகளில் பளியர்களுடையது.

2019 ஆகஸ்டில் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டில் ஒரு கோயில் பிரசாதத்துக்கு அப்படிக் கிடைத்தது அதுவே முதல்முறை. நல்ல விஷயம். ஆனால் அந்தப் ‘புவி’க்குள் யார் இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. விண்ணப்பித்தது கோயில் நிர்வாகம், உரிமையும் அதனுடையது. நகரத்தார் காவடிக்குக் கதை இருக்கிறது, எடப்பாடியாருக்கு இரவு தங்கும் உரிமை இருக்கிறது. மலையிலிருந்து இறக்கியவர்களுக்கு ஒரு நாளும் இல்லை, ஒரு மண்டகப்படியும் இல்லை. அவர்கள் கொண்டுவருவது சரக்கு. அது டெண்டரிலும் சந்தையிலும் தீர்ந்துவிடுகிறது. கடவுளுக்கான சுமைக்கும் சந்தைக்கான சுமைக்கும் இடையில் இழுக்கப்பட்ட இந்தக் கோடு தற்செயலானது அல்ல.

மலைக்கு உள்ளேயும் ஒரு படிநிலை உண்டு. சமவெளியிலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் மேலேறிய குன்னுவர் நிலத்தைப் பிடித்தார்கள். முன்பே இருந்த புலையர் அவர்களுக்குப் பண்ணையாட்களானார்கள். 1868இல் வெளிவந்த ஜே.எச். நெல்சனின் மதுரை நாடு பற்றிய நூலில் இந்த அடிமைமுறை பதிவாகியிருக்கிறது. மலைப்புலையர்கள் பழங்குடிப் பட்டியலில் இருந்தார்கள். 1976 திருத்தத்தில் அவர்கள் பட்டியல் சாதியில் சேர்க்கப்பட்டார்கள். மறுபடி பழங்குடியாக அறிவிக்கச் சொல்லி இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தாண்டிக்குடி பக்கம் நிற்கிற கற்திட்டைகளைப் பற்றி ஆங்கிலேட் பாதிரியாரும் நியூட்டனும் 1928இலேயே ஒரு நூல் எழுதிவிட்டார்கள். செத்தவர்களின் கல்வீடுகளுக்கு இருக்கிற அத்தாட்சி, அதே மலையில் உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு சாதிச் சான்றிதழாகக்கூட மாறவில்லை.

4

கொடைக்கானலுக்கு வருவோம். 1845இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் இரண்டு வீடுகளைக் கட்டியதிலிருந்து அந்த ஊரின் நவீன வரலாறு தொடங்குகிறது. 1863இல் ஏரி வந்தது. சமவெளியிலிருந்து வண்டிச்சாலை வரவோ 1914 ஆகிவிட்டது. நடுவில் இருக்கிற ஏறத்தாழ எழுபது வருஷம் துரைமார்களும் துரைசாணிமார்களும் குழந்தைகளும், அவர்களுடைய பெட்டி படுக்கையும் எப்படி மேலே போயின? கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பிலிருந்து டோலியில், நாற்காலியில், ஆட்களின் தோளில். அந்தப் பாதைக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயரே ‘கூலி காட்’.

மலையின் வடக்குச் சரிவுக்குக் கீழே ஒரு கழி, அதைத் தாங்குகிற தோள், மேலே ஒரு கடவுள். தெற்குச் சரிவில் அதே கழி, அதே தோள், மேலே ஒரு துரை. உடம்புக்கு வலி ஒன்றுதான். ஆனால் முதல் சுமையைத் தானே எடுத்தான், தானே இறக்கினான், அதற்கொரு நாள் குறித்தான், அரோகரா என்று ஊர் கேட்கக் கத்தினான். இரண்டாவதில் வாய் திறக்க முடியாது. காவடியின் அர்த்தம் டோலிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் முழுசாகப் புரிகிறது. அன்றாடம் பிறருக்காகச் சுமக்கிறவன் வருஷத்தில் ஒரு நாள் தன் விருப்பத்தில் சுமப்பது காவடி.

மலேயா, மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா என்று தமிழ்க் கூலிகள் போன இடத்துக்கெல்லாம் காவடி கூடவே போனதற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும். கரும்பையும் ரப்பர்ப் பாலையும் தோட்டக்காரனுக்காகச் சுமந்த தோள்கள் பத்துமலைப் படிகளில் வேறொன்றைச் சுமந்தன. அங்கே 1890களில் தொடங்கிய தைப்பூசம் இன்று மலேசியாவின் மிகப்பெரிய திருவிழாக்களில் ஒன்று. சிங்கப்பூர் 1968இல் பூசத்தைப் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. காவடிகள் நிற்கவில்லை.

கொடைக்கானலுக்கு ஒரு முருகன் வந்து சேர்ந்ததையும் சொல்ல வேண்டும். குறிஞ்சி ஆண்டவர் கோயில் 1936இல் கட்டப்பட்டது. கட்டியவர் லீலாவதி ராமநாதன். இந்து சமயத்துக்கு வந்த வெள்ளைக்காரப் பெண்மணி, இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி. எல்லோருக்கும் வாக்குரிமை என்ற டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரையை எதிர்த்தவர் இராமநாதன். குறிஞ்சித் திணையின் தெய்வம், குறிஞ்சி பூக்கிற மலை என்று இலக்கியம் படித்தவர்களுக்கு எல்லாம் பொருந்திவருகிறது. கோயில் இப்போது பழனிக் கோயில் நிர்வாகத்தில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் வெயில் தெளிந்த நாளில் கீழே பழனி தெரியும். சுற்றுலா வேன்கள் வந்து நிற்கின்றன. காவடிப் பாதை ஒன்று இந்தக் கோயிலுக்கு உருவாகவில்லை. நடந்து வருகிற பாரம் இல்லாத கோயில் ஒரு காட்சி முனையாகவே தங்கிவிடுகிறது.

இதற்கு எதிராக, சற்றுத் தள்ளியிருக்கிற பூம்பாறையில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற விவசாயிகள் தைப்பூசத்தை அடுத்துக் குழந்தை வேலப்பருக்குத் தேர் இழுக்கிறார்கள். 1866இல் எழுந்த சலேத் அன்னை ஆலயத்துக்கு ஆகஸ்ட் நடுவில் திருவிழா. சப்பரம் தோளில்தான் போகிறது. அரசாங்கத்தின் கோடைவிழா மே மாதம் பிரையண்ட் பூங்காவில். அங்கே கரகமும் பறையும் மேடையில் ஏறி இறங்குகின்றன, பார்வையாளன் ஐஸ்கிரீமோடு நிற்கிறான். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குப் போக இ-பாஸ் வேண்டும் என்று நீதிமன்ற உத்தரவில் வந்துவிட்டது. மலையின் தாங்குதிறன் எவ்வளவு என்று ஆராயச் சொல்லியிருக்கிறார்கள். மலையின் தாங்குதிறனைக் கேட்க ஆரம்பித்துவிட்டோம். மலையில் இருக்கிறவர்களின் தாங்குதிறனைப் பற்றிப் பேச்சில்லை.

5

இப்போது ஏன் இதையெல்லாம் பேச வேண்டும்? 2020 நவம்பரில் பாரதிய ஜனதா வேல் யாத்திரை நடத்தியது. 2021 ஜனவரியில் அன்றைய அ.தி.மு.க. அரசு தைப்பூசத்தைப் பொது விடுமுறை ஆக்கியது. 2024 ஆகஸ்டில் தி.மு.க. அரசின் அறநிலையத்துறை பழனியில் அனைத்துலக முத்தமிழ் முருகன் மாநாடு கூட்டியது. 2025 ஜூனில் இந்து முன்னணி மதுரையில் இன்னொரு மாநாடு கூட்டியது. முருகன் இந்துக் கடவுளா தமிழ்க் கடவுளா என்று நம் நண்பர்களும் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு பெருங்கதையாடல்களுக்கும் தேவை ஒரு திரள். எண்ணிக்கை சொல்லத்தக்க, ஒரே கொடிக்குக் கீழே நிற்கத்தக்க, கை தூக்கச் சொன்னால் தூக்கத்தக்க கூட்டம். காவடிக் குழுக்கள் அப்படித் திரள்வதில்லை. அவை பாரத்தின் அடிப்படையில் வருகின்றன, தனித்தனி நாளில் வருகின்றன, தங்கள் உரிமையைப் பக்கத்துக் குழுவுக்குக்கூட விட்டுத்தருவதில்லை. அதில் சாதி இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மேடையில் எழுப்பப்படுகிற ஒற்றுமை சாதியை அழிப்பதில்லை. சுமந்தவர்களின் பெயரை மட்டும் அழித்துவிட்டு, சாதியை அப்படியே வைத்துக்கொள்கிறது.

2024 ஜனவரியில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, பழனியில் இந்து அல்லாதவர்கள் கொடிமரம் தாண்டக் கூடாது, சாமியை நம்பி வருகிறவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றது. ஆங்கிலேயர் காலத்துக் குறிப்புகளில் ராவுத்தர்கள் பழனியாண்டவரிடம் சர்க்கரை கொண்டுவந்து, பாத்தியா ஓதி, அதைப் பங்கிட்டுக் கொடுத்த வழக்கம் பதிவாகியிருக்கிறது. அவர்களும் ஒரு பாரத்தோடு வந்தவர்கள்தான். கொண்டுவருகிற பொருளைப் பார்த்து ஏற்ற வாசல், எழுதிக் கொடுக்கிற நம்பிக்கையைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. 1939இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டவர்கள் போனதும் 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்ததும் வாசலைத் திறக்க. இப்போது இன்னொரு வாசல் கட்டப்படுகிறது.

நாம் என்ன செய்வது? சாமி உண்டா இல்லையா, யாருடைய சாமி என்ற சண்டையில் எந்தப் பக்கம் நின்றாலும் நம் இடம் மேடைக்குக் கீழேதான். அந்தச் சண்டையை விட்டு வெளியே வந்து, திருவிழாவைச் சுமக்கிறவர்களின் பக்கம் நின்று சில சாதாரணக் கேள்விகளைக் கேட்கலாம். பூசம் முடிந்த மறுநாள் மலைபோல் குவிந்த குப்பையையும் கழிவையும் அள்ளுகிற துப்புரவுத் தொழிலாளிக்கு என்ன கூலி, பணி நிரந்தரமா? முடி இறக்குகிற இடத்தில் நாள்முழுக்கக் கத்தி பிடிக்கிற கைகளுக்கு ஓய்வு உண்டா? புவிசார் குறியீட்டின் பலன் வாழை போடுகிற மலைக்காரருக்கு எவ்வளவு போகிறது? 2006 வன உரிமைச் சட்டம் பளியர்களுக்குத் தேன் எடுக்கிற உரிமையைக் காகிதத்தில் தந்திருக்கிறது. அது காட்டில் செல்லுபடியாகிறதா? மலைப்புலையர்களின் மனு எந்த மேசையில் கிடக்கிறது?

வழிப்போக்கர்கள் தலைச்சுமையை யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைக்கச் சாலையோரம் சுமைதாங்கிக் கல் நட்ட ஊர்கள் நம்முடையவை. பிரசவத்தில் வயிற்றுப் பாரம் இறங்காமல் செத்துப்போன பெண்களின் நினைவாக அவற்றை நட்டார்கள். சுமையைப் பற்றி அவ்வளவு நுட்பமாக யோசித்த சமூகத்துக்கு மேலே சொன்ன கேள்விகள் ஒன்றும் அந்நியமானவை அல்ல. அடுத்த தைப்பூசத்துக்கு முன்னால் இவற்றில் ஒன்றுக்காவது பதில் வாங்கிவிட முடியுமா என்று பழனியிலும் மலைமேலும் இருக்கிற நண்பர்கள் உட்கார்ந்து பேச வேண்டும்.